அமீன் ஆஜராகவில்லை

குத்துக்கல்வலசையில் கிதிர் முகம்மது கட்டிய வீட்டுக்கும் பக்கத்து மனையில் நின்ற தகரக் கொட்டகைக்கும் நடுவில் ஒரு முள்கம்பி வேலியும் பதினோரு அடி இடமும் இருந்தன. கொட்டகையில் தரைக்குப் பூசும் பிசின் தயாரித்த கம்பெனி இரண்டு வருடம் முன்பு இழுத்து மூடிக்கொண்டு போனது. போனவர்கள் பெயர்ப்பலகையை மறக்காமல் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். பதினான்கு பீப்பாய்களை விட்டுவிட்டார்கள்.

மே மாதம் ஒரு காலையில் துணி காயப்போடப் போன அவர் மனைவி ஜாஹிரா பீவி, வாளியை அங்கேயே வைத்துவிட்டு இருமிக்கொண்டு உள்ளே வந்தாள்.

“கொட்டகைப் பக்கம் என்னமோ வாடை அடிக்குதுங்க. அழுகின மீன் மாதிரியும் இருக்கு, மூத்திரம் மாதிரியும் இருக்கு. கண்ணு எரியுது.”

கிதிர் முகம்மது போய்க் கொட்டகையின் கதவு இடுக்கில் எட்டிப் பார்த்தார். ஒரு பீப்பாயின் மூடியைச் சுற்றி உப்புப் பூத்ததுபோல வெள்ளையாகப் படிந்திருந்தது. கதவில் தொங்கிய பித்தளைப் பூட்டின் ஒரு பக்கம் நீலமாகிவிட்டது. பீப்பாயில் ஒட்டியிருந்த சீட்டில் பாதி கிழிந்திருந்தாலும் 1604 என்ற எண் தெரிந்தது. அவர் உடனே பின்வாங்கினார்.

அவர் சவூதியில் ஒரு ரசாயனக் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் பீப்பாய் ஏற்றி இறக்கும் இடத்தில் மேற்பார்வை பார்த்தவர். அங்கே 1604 ஒழுகினால் முதலில் மணி அடிக்கும். எல்லோரும் காற்று வருகிற திசையைப் பார்த்து ஓடுவார்கள். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான். அதன் பெயர் எத்திலீன் டை அமீன். நிறமில்லாத திரவம், காற்றுப் பட்டால் புகையும். தோலில் பட்டால் வேகும். நெருப்பும் பிடிக்கும். மூச்சில் போகப் போக நெஞ்சு அதற்குப் பழகாது, பகையாகும்; பிறகு ஒரு துளி வாடைக்கே இழுப்பு வந்துவிடும். ஒரு நேபாளத்துப் பையனுக்கு இதனால் கண் போனதை அவர் நேரில் பார்த்திருக்கிறார்.

யாரிடம் சொல்வது என்று விசாரித்ததில், இதற்கென்றே தென்காசியில் ஒரு அலுவலகம் திறந்திருப்பதாகச் சொன்னார்கள். மாவட்ட வேதிப்பொருள் அபாயத் தணிப்பு ஒருங்கிணைப்பு மையம். ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. அபாயம் எதுவும் அதுவரை முறையாக விண்ணப்பித்து வராததால் மையம் அமைதியாக இருந்தது. துணை இயக்குநர் முத்துக்குமாரசாமி அவரை அன்பாக உட்காரச் சொல்லி, ஏழாம் எண் படிவத்தைக் கொடுத்தார். அதில் மூன்று கட்டங்கள் இருந்தன. பண்புகள், ஆபத்துகள், பயன்கள்.

கிதிர் முகம்மது முதல் இரண்டையும் நிரப்பிக் கொடுத்தார்.

“பயன் எழுதலியே பாய்.”

“சார், அது ஒழுகுது. எடுத்துட்டுப் போகணும். பயன் எதுக்கு சார்?”

“பயன் இல்லேன்னா அது கழிவு. கழிவு நாங்க பாக்கக் கூடாது. அது வேற டிபார்ட்மெண்ட்.”

“பயன் இருக்கு சார். பிசின இறுக வைக்கும். பயிருக்கு அடிக்க பூஞ்சாண மருந்து செய்வாங்க. இழுப்புக்குப் போடுத ஒரு ஊசில கூட இது சேரும்.”

முத்துக்குமாரசாமி பேனாவை மூடினார். “அப்போ அது சொத்து. அடுத்தவன் சொத்துல நாங்க கை வைக்க முடியாது.”

கிதிர் முகம்மது படிவத்தைத் தன் பக்கம் இழுத்து, நிரப்பிய இரண்டு கட்டங்களையும் மறுபடி படித்தார். முத்துக்குமாரசாமிக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும்.

“பயப்படாதீங்க. பொருள்தான் அடுத்தவனோடது. வாடை பொது. வாடை வெளிய வருதுன்னு நிரூபணம் ஆச்சுன்னா நாங்க இறங்கலாம். அதுக்குத்தான் குழு வச்சிருக்கோம்.”

மணம் அறியும் குழுவில் ஐந்து பேர். அவர்கள் கூடுவதற்கு ஐந்து வாரம் ஆனது. அதற்குள் குற்றாலச் சீசன் தொடங்கிவிட்டது. செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்று ஆளைத் தள்ளிக்கொண்டு வீச, தூறலும் சேர்ந்துகொண்டது. குழுவினர் காற்றுக்கு முதுகைக் காட்டி வேலிக்கு வெளியே வரிசையாக நின்று, ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். பிறகு வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு பேர் வாடை உண்டு என்றார்கள். இரண்டு பேர் இல்லை என்றார்கள். ஐந்தாமவருக்கு ஜலதோஷம் என்பதால் அவர் நடுநிலை வகித்தார். வாடை உண்டு என்ற இருவரிடமும் எதைப் போல என்று கேட்டார்கள். மீனைப் போல என்று ஒருவர் சொன்னார். கருவாட்டைப் போல என்று திருத்தினார் மற்றவர்.

பத்து நாளில் பதில் வந்தது. கருவாட்டை ஒத்த வாடை ஆய்வில் தெரியவந்துள்ளது, அருகிலுள்ள ஒரே சமையலறை மனுதாரருடையது, ஆகவே மனுதாரர் பதினைந்து நாளுக்குள் தமது சமையல் முறையைச் சீர்செய்துகொள்ள வேண்டும்.

ஜாஹிரா பீவி அதை இரண்டு முறை படித்தாள். அப்போது அவள் கட்டிலில் மூன்று தலையணையில் சாய்ந்துதான் உட்கார முடிந்தது.

“நான் அடுப்படிக்குப் போயே ஒரு மாசம் ஆவுதே. இவங்களுக்கு யாரு கருவாடு பொரிச்சுக் குடுத்தது?”

கிதிர் முகம்மது அவளை அச்சன்புதூரில் தன் தங்கை வீட்டில் கொண்டுபோய் விட்டார். “நீங்களும் வாங்க,” என்றாள் அவள். “தெருவுல இன்னும் ஒம்பது வீடு இருக்கு ஜாஹிரா. அவங்களுக்கு அது என்னன்னு தெரியாது,” என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்து மேல்முறையீடு செய்தார்.

மேல்முறையீடு கம்ப்யூட்டரில் ஏற வேண்டும். ஏற்றியது சங்கரேஸ்வரி என்ற எழுத்தர். நல்ல வேலைக்காரி, ஒரு கட்டத்தைக் கூடக் காலியாக விடமாட்டாள். கம்ப்யூட்டர் எதிர்மனுதாரரின் பெயரைக் கேட்டது. கம்பெனிக்காரரின் பெயர் யாருக்கும் தெரியவில்லை. மனுவில் தேடியபோது ஒரு பெயர் கிடைத்தது. அவள் அடித்தாள்: அமீன், எத்திலீன் டை.

விசாரணைக்கு அழைப்பு இரண்டு பேருக்கும் போனது. கிதிர் முகம்மது மட்டும் வந்தார்.

“அமீன் எங்க?” என்றார் முத்துக்குமாரசாமி.

“எந்த அமீன் சார்?”

“உங்க எதிர்மனுதாரர்தான். உங்களுக்கு என்ன முறை வேணும்?”

திரையில் இருந்த பெயரைப் பார்த்த பிறகுதான் கிதிர் முகம்மதுவுக்கு விஷயம் புரிந்தது. “சார், அது ஆளு இல்ல. அதான் சார் பீப்பாய்ல இருக்குது.”

“பீப்பாய்ல ஒளிஞ்சிருக்காரா?”

“இல்ல சார். அமீன்ங்கது ரசாயனத்துக்குப் பேரு.”

முத்துக்குமாரசாமி சங்கரேஸ்வரியைப் பார்த்தார். சங்கரேஸ்வரி திரையைப் பார்த்தாள். “ஏத்தியாச்சு சார். மாத்தணும்னா சென்னைல இருந்து ஓடிபி வரணும்.”

“வச்சுக்கிடுவோம்,” என்றார் முத்துக்குமாரசாமி. “பாய், தப்பா நினைக்காதீங்க. ஒரு ஃபார்மாலிட்டிக்குக் கேக்கேன். இந்த அமீன் எந்த நாட்டுலேர்ந்து வந்தாரு? எப்போ வந்தாரு? உங்க வீட்டுப் பக்கத்துலயே வந்து தங்கணும்னு ஏன் தோணுச்சு?”

கிதிர் முகம்மது அறுபது வயதுக்காரர். வெளிநாட்டில் எத்தனையோ அலுவலகங்களில் எத்தனையோ கேள்விகளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். இந்தக் கேள்விக்கு அவர் எழுந்து நின்றுகொண்டார். “லாரியில வந்தது சார்,” என்றார். “எனக்கு உறவு இல்ல.” அதையும் சங்கரேஸ்வரி ஏற்றிக்கொண்டாள்.

மூன்று தவணை அழைத்தும் அமீன் ஆஜராகவில்லை. எனவே ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பானது. அமீன் பதினைந்து நாளில் இடத்தைக் காலி செய்ய வேண்டும். பூட்டை உடைத்து, உத்தரவின் நகலை ஒழுகும் பீப்பாயிலேயே ஒட்டினார்கள். ஒட்டிய ஊழியர் இரண்டு நாள் விடுப்பில் போனார். நகல் மூன்றாம் நாள் பழுத்துக் கீழே விழுந்தது. பதினைந்தாம் நாளும் அமீன் காலி செய்யாததால், அவரது நடமாட்டத்தைக் கண்காணிக்க ஒரு காவலரை நியமித்தார்கள்.

காவலர் சுடலையாண்டி. ஐம்பது வயது இருக்கும். கொத்தனாருக்குச் சிற்றாளாக இருந்து, முட்டி தேய்ந்து, உட்கார்ந்து பார்க்கிற வேலை தேடிக்கொண்டிருந்தவர். அவருக்கு ஒரு காக்கிச் சட்டை, ஒரு விசில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு செல்போன் கொடுத்தார்கள். ஒவ்வொரு மணி நேரமும் பீப்பாயில் கையை வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும். கை தெரியாத போட்டோவுக்கு அன்று வருகைப் பதிவு கிடையாது.

கிதிர் முகம்மது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டார். “அண்ணாச்சி, அங்கன உக்காராதீங்க. காத்து மேக்கேருந்து வருது பாருங்க, மேக்க வந்து உக்காருங்க. அதத் தொடாதீங்க.”

“தொட்டாத்தான போட்டோ பாய்,” என்று சிரித்தார் சுடலையாண்டி.

கிதிர் முகம்மது தன்னிடமிருந்த ரப்பர் கையுறையைக் கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் மையத்திலிருந்து போன் வந்தது. கையுறைக்குள் இருப்பது சுடலையாண்டியின் கைதான் என்று எப்படி நம்புவது என்று கேட்டார்கள். அவர் கழற்றிவிட்டார். ஆவணி பிறக்கும்போது அவர் உள்ளங்கையில் தோல் உரிந்து சிவப்பாகத் தெரிந்தது. பேசும்போது நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்வார். ஆனாலும் மதியச் சாப்பாட்டில் ஒரு வாய் மீனை எடுத்து வைத்துக்கொண்டு, “பாய், இந்த வாடைல மீனு ருசியே மறந்துபோச்சு,” என்று சிரிக்கக் கூடியவராகத்தான் இருந்தார்.

அந்த மாதம் மையம் குற்றாலத்தில் ஒரு விடுதி அரங்கில் விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தியது. தலைப்பு ‘வேதிப்பொருளோடு வாழப் பழகுவோம்’. அருவியில் வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்டிருந்ததால் எல்லோரும் அரங்கிலேயே இருந்தார்கள். சுடலையாண்டியை மேடையில் ஏற்றி, முன்மாதிரிக் காவலர் என்று பொன்னாடை போர்த்தினார்கள். பாதிக்கப்பட்ட பொதுமக்களின் பிரதிநிதியாக அழைக்கப்பட்ட கிதிர் முகம்மதுவுக்கு முதல் வரிசையில் இடம் கிடைத்தது.

முத்துக்குமாரசாமி பேசினார்.

“ஆபத்து, ஆபத்து என்கிறார்கள். ஆபத்து என்பது ஒரு கண்ணோட்டம். நாம் உடுத்தும் துணியின் மென்மைக்குப் பின்னால் இந்த வேதிப்பொருள் இருக்கிறது. புளியங்குடி எலுமிச்சையில் புள்ளி விழாமல் காக்கும் மருந்துக்குப் பின்னாலும் இது இருக்கிறது. இதனால் மூச்சிரைப்பு வரும் என்கிறார்கள். நான் கேட்கிறேன், மூச்சிரைப்புக்குப் போடும் ஊசியில் என்ன இருக்கிறது? இதே பொருள்தான் இருக்கிறது. அப்படிப் பார்த்தால், நம் சுடலையாண்டி கடந்த ஐம்பது நாட்களாக அரசு செலவில் சிகிச்சை பெற்று வருகிறார் என்றுதான் சொல்ல வேண்டும். இந்த மையம் தொடங்கியபோது இந்த மாவட்டத்தில் பதிவான அபாயம் பூஜ்யம். இன்றும் பூஜ்யம். நாங்கள் பதிவு செய்யாதவரை அது கூடப்போவதில்லை என்ற உறுதியை உங்களுக்கு அளிக்கிறேன்.”

அப்போது சுடலையாண்டிக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. பொன்னாடையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். பின்வரிசையில் இருந்தவர்கள் ஏதோ முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார்கள். கிதிர் முகம்மது மேடையில் ஏறி அவரைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தார். அருவியின் இரைச்சலில் இருமல் கேட்கவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது.

“இந்த வேலைய விட்டுருங்க அண்ணாச்சி.”

“மக நர்சிங் படிக்கா பாய். இன்னும் ஒரு வருசம்தான்.” மூச்சு வாங்கிக்கொண்டு, “வேல்விழின்னு பேரு,” என்றார்.

அதற்குப் பிறகு ஒரு வாரத்தில் காற்று நின்றுபோனது. மழை விட்டு வெயில் காய்ந்தது. காலை பதினொரு மணிக்கு கிதிர் முகம்மது வேலியருகே வந்தபோது நாற்காலி காலியாக இருந்தது. இரண்டாவது பீப்பாயின் மூடி பிதுங்கி, தரையோடு தரையாக வெண்புகை ஊர்ந்துகொண்டிருந்தது. சுடலையாண்டி அதன் நடுவில் குப்புறக் கிடந்தார். கிதிர் முகம்மது துண்டைத் தண்ணீரில் முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு, வேலியைத் தாண்டி, அவர் காலைப் பிடித்து வெளியே இழுத்தார். கிதிர் முகம்மதுவின் இரண்டு உள்ளங்கைகளும் வெந்தன. ஆம்புலன்ஸ் வந்தது. மூன்றாம் நாள் சுடலையாண்டி இறந்தார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அவர் மனைவி முப்பிடாதியம்மாளும் மகள் வேல்விழியும் இருந்தார்கள். கிதிர் முகம்மது கட்டுப்போட்ட கைகளோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மையம் விசாரணை வைத்தது.

“பாய், நீங்க கொட்டகைக்கு எவ்வளவு தூரத்துல இருக்கீங்க?” என்று கேட்டார் முத்துக்குமாரசாமி.

“பதினோரு அடி சார்.”

“எத்தனை நாளா?”

“நாலு வருசமா.”

“உயிரோடதான் இருக்கீங்க?”

கிதிர் முகம்மது அவரை நிமிர்ந்து பார்த்தார். “இருக்கேன் சார்.”

“எழுதிக்கோம்மா. நாலு வருஷமா பக்கத்துல வசிக்கிற மனுதாரர் நலம்.”

பொருளில் குறை இல்லை, இடத்தில்தான் குறை என்று அறிக்கை முடிந்தது. இடத்தை மாற்ற உத்தரவானது. புளியங்குடிக்கு எலுமிச்சை ஏற்றப் போன லாரி ஒன்றை வழியில் நிறுத்தி, நான்கு சுமைதூக்கிகளை வைத்துப் பீப்பாய்களை ஏற்றினார்கள். அவர்கள் கைலியும் பனியனும் போட்டிருந்தார்கள். கிதிர் முகம்மதுவிடம் இரண்டு ஜோடி கையுறை இருந்தது. ஆளுக்கு ஒரு கைக்கு மாட்டிக்கொண்டார்கள். பீப்பாய்களை இறக்கிவிட்டு லாரி அப்படியே எலுமிச்சை ஏற்றப் போனது. இறக்கியது அச்சன்புதூரில், வாய்க்கால் கரையில் சும்மா கிடந்த ஒரு நெல் கொட்டகையில்.

கிதிர் முகம்மதுவின் தங்கை வீட்டிலிருந்து அந்த இடம் நாலு தெரு தள்ளி. ஜாஹிரா பீவிதான் போன் செய்தாள். “அதே வாடை வருதுங்க,” என்றாள். அவர் பஸ் பிடித்துப் போனார்.

கொட்டகை வாசலில் காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டுக்கொண்டு முப்பிடாதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். கருணை அடிப்படையில் வேலை கொடுத்திருந்தார்கள். சட்டை அவளுக்குத் தொளதொளவென்று இருந்தது.

“வாங்கண்ணே,” என்றாள். “கை ஆறிட்டா?”

“அத விடும்மா. இது என்னன்னு தெரிஞ்சுமா வந்து உக்காந்திருக்க?”

“தெரியும்ணே. அவுக சட்டைய நாந்தான தொவைச்சேன்.”

மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் அதில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டுமாம். கிதிர் முகம்மது படித்தார். என் கணவர் நீண்டநாளாகப் பீடி குடிக்கும் பழக்கம் உள்ளவர் என்பதையும், அதனாலேயே நுரையீரல் பழுதுபட்டு இறந்தார் என்பதையும் மனப்பூர்வமாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

“நானும் படிச்சிட்டேன்,” என்றாள் அவள். “அவுக பீடியத் தொட்டதே கெடையாது. சின்ன வயசுல எங்கப்பா குடிக்காருன்னு அவர்கூடயே சண்ட போட்டவுக.”

“போடலேன்னா வேல இருக்காதும்மா.”

“ஆமா. அப்படித்தான் சொன்னாவ.”

அவள் செல்போனில் மகளைக் கூப்பிட்டுத் தாளை வாசித்துக் காட்டினாள். பிறகு எழுந்து சட்டையைக் கழற்றி மடித்தாள். கொட்டகையைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்தாள். இரண்டு பேரும் தென்காசி பஸ்ஸில் ஏறினார்கள்.

மாடியில் முத்துக்குமாரசாமியின் மேசையில் சட்டை, விசில், செல்போன், சாவி, கையெழுத்தில்லாத தாள் எல்லாவற்றையும் வைத்தாள்.

“என்னம்மா இது?”

“அவுக குடிக்காத பீடியக் குடிச்சதா நான் எழுத முடியாது சார்.”

“உணர்ச்சிவசப்படாத. நல்லா யோசி. பொம்பளப் பிள்ளைய வச்சிருக்க.”

“அவ கிட்ட கேட்டுட்டுத்தான் சார் வந்தேன்.”

“பொருள ஒப்படைக்க ஒரு படிவம் இருக்கு. அத நிரப்பாம வாங்க முடியாது.”

“வாங்கலேன்னா கெடக்கட்டும்,” என்று சொல்லிவிட்டு அவள் படியிறங்கினாள். சங்கரேஸ்வரி தட்டச்சை நிறுத்தி அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடி அடிக்கத் தொடங்கினாள். காவலர் பணியிடம் ஒன்று காலி, எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும் என்ற அறிவிப்பு அது. மாலைக்குள் ஜவுளிக்கடை ஓரத்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலை பத்து மணிக்கு கிதிர் முகம்மது புதிய மனுவோடு வந்தபோது, வரிசை மாடிப்படியில் தொடங்கித் தெருமுனை வரை நின்றது. நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். இரண்டு பேர் பட்டதாரிச் சான்றிதழோடு வந்திருந்தார்கள்.

அவர் கடைசியில் நின்றவரிடமிருந்து ஆரம்பித்து ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டே வந்தார். அது என்ன பொருள், தோலில் பட்டால் என்ன ஆகும், மூச்சில் போனால் என்ன ஆகும், இதற்கு முன் அங்கே இருந்தவருக்கு என்ன ஆனது எல்லாம் சொன்னார். கட்டுப் பிரித்த கைகளைக் காட்டினார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். ஒருவர் அந்தக் கையைப் பிடித்துப் பார்த்து உச்சுக்கொட்டினார். வரிசையை விட்டு யாரும் நகரவில்லை.

படிக்கட்டின் முதல் படியில் நின்ற ஒருவர் மட்டும் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“அண்ணாச்சி, உங்களுக்கு உள்ள ஆள் தெரியும்போல இருக்கே. நமக்காவ ஒரு வார்த்த சொல்லுவியளா?”